ஊசியும் நூலும் சாட்சி சொல்லும்போது: நிட்டிங் துப்பறியும் நாவல்களை ரசித்து வாசிப்பது எப்படி?

கேள்வி இது: துப்பறியும் கதை பிடிக்கும், ஆனால் ரத்தமும் கொடூரமும் வேண்டாம். நிட்டிங் கடை, நிட்டிங் குழு என்று பின்னணி வைத்து 'கோஸி மிஸ்டரி' நாவல்கள் நிறைய வருகின்றன என்று கேள்வி. எங்கே தொடங்குவது? ஊசியையே தொட்டறியாதவருக்கு அவை சுவைக்குமா?

நன்றாகவே சுவைக்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. இந்த நாவல்களில் பாதியில் நிட்டிங் வெறும் அலங்காரம். கதை ஒரு பேக்கரியில் நடந்திருந்தாலும் அதே கொலை, அதே கொலையாளி. மீதியில் உல்லன் நூலும் ஊசியும் பின்னலில் விழுந்த பிழையும்தான் தடயம். அவற்றை எடுத்துவிட்டால் வழக்கே நிற்காது. இரண்டாவது வகையைத் தேடி வாசியுங்கள். அதில் கிடைக்கும் சுகம் வேறு எந்தத் துப்பறியும் கதையிலும் கிடைக்காது. மனிதர்கள் வாயால் சொல்லும் பொய்யைக் கையால் பின்னிய துணி காட்டிக்கொடுக்கிறது.

கோஸி மிஸ்டரி என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலை நம் கண் முன்னால் நடக்காது. துப்பறிபவர் போலீஸ்காரர் இல்லை. கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கணக்காளர் என்று யாராவது இருப்பார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்ன ஊர். பெரும்பாலும் 250 முதல் 320 பக்கம். முதல் சடலம் 50 பக்கத்துக்குள் வந்துவிடும். சந்தேகப் பட்டியலில் நாலைந்து பேர். நடுப்பகுதியில் பல சமயம் இன்னொரு மரணம். கடைசியில் குற்றவாளி பிடிபட்டு ஊர் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த மரபுவழித் துப்பறியும் கதைகளுக்கென்றே அமெரிக்காவில் 1989-லிருந்து 'மாலிஸ் டொமெஸ்டிக்' என்ற மாநாடு நடக்கிறது. அங்கே தரப்படும் விருதின் பெயர் 'அகதா'. யார் நினைவாக என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த அகதா கிறிஸ்டிதான் இந்த மரபின் வேரும். மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக 1927 டிசம்பரில் ஒரு பத்திரிகைச் சிறுகதையில் வருகிறார். அந்த அறிமுகத்திலேயே அவர் மடியில் வெள்ளையாக, மெத்தென்று ஏதோ ஒரு பின்னல் இருக்கிறது. சுற்றி உட்கார்ந்து பேசும் புத்திசாலிகள் யாரும் அந்தக் கிழவியைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்த ஆண்டே, 1928-ல், பட்ரீஷியா வென்ட்வொர்த்தின் மிஸ் சில்வர் வந்தார். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு துப்பறியும் பெண்மணி. அவரும் ஊசியைக் கீழே வைப்பதில்லை. 1961 வரை 32 நாவல்களில் உறவுக் குழந்தைகளுக்குக் காலுறையும் சட்டையும் பின்னிக்கொண்டே கொலைகாரர்களைப் பிடித்தார். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டால் அவர் உஷாராகிவிடுவார். கண் பின்னலில் இருந்தால் தன்னை யாரும் எடைபோடவில்லை என்று நம்பி, சொல்லக் கூடாததையும் சொல்லிவிடுவார். இன்றைய நாவல்களில் வரும் நிட்டிங் கடை இதன் விரிவுதான். வாரம் ஒரு மாலை மேசையைச் சுற்றிப் பணக்காரரும் இல்லாதவரும், இளையவரும் முதியவரும் ஒன்றாக உட்காருகிறார்கள். கைக்கு வேலை இருக்கிறது, காது சும்மா இருக்கிறது. வம்பு தானாக ஓடி வரும்.

இனி தடயங்களுக்கு வருவோம். இந்த வகை நாவலின் ருசியே இங்கேதான் இருக்கிறது. நிட்டிங் தெரியாத வாசகர் தவறவிடுவதும் இதைத்தான்.

முதலில் நேரம். நிட்டிங்கில் கடிகாரம் துணியிலேயே இருக்கிறது. ஊசியில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு நூல் வளையத்துக்கும் கண்ணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நிதானமாகப் பின்னும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 கண்ணி பின்னுவார். (2006-ல் நெதர்லாந்தின் மிரியம் டெகல்ஸ் ஒரு நிமிடத்தில் 118 கண்ணி பின்னிக் கின்னஸில் இடம்பிடித்தார். அந்த வேகம் கதாபாத்திரங்களுக்கு வராது.) 40 கண்ணி அகலமுள்ள ஒரு கழுத்துத் துண்டு என்றால், ஒரு வரிசைக்கு 2 நிமிடம். கார்ட்டர் என்ற மிக எளிய பின்னலில் இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடு தெரியும்; அந்த மேடுகளை விரலால் தடவியே எண்ணலாம். இப்போது ஒரு பெண், "ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை வீட்டில் தனியாகப் பின்னிக்கொண்டிருந்தேன், புது நூற்கண்டை அப்போதுதான் தொடங்கினேன்" என்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு 90 வரிசை, அதாவது 45 மேடு இருக்க வேண்டும். புது நூல் தொடங்கிய இடத்திலிருந்து எண்ணினால் 12 மேடுதான் இருக்கிறது. அது 48 நிமிட வேலை. மீதி இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவள் எங்கே இருந்தாள்?

நல்ல ஆசிரியர் இத்தோடு நிறுத்தமாட்டார். அவள் பின்னியதைப் பிழை கண்டு பிரித்திருக்கலாமே! அதற்கும் சாட்சி உண்டு. பின்னிப் பிரித்த கம்பளி நூல் நேராக இருக்காது. நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளாக நிற்கும். தண்ணீரில் நனைத்துக் காய வைத்தாலோ ஆவி காட்டினாலோதான் அந்தச் சுருள் போகும். எனவே கண்டில் சுற்றியிருக்கும் மேல் நூல் சுருண்டிருந்தால் அவள் சொன்னது உண்மையாகலாம். வழவழவென்று நேராக இருந்தால் பொய். துப்பறிபவர் நூற்கண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கும் ஒரே ஒரு வாக்கியம் எங்கேயாவது வந்தால், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அடுத்தது கைரேகை மாதிரியான ஒன்று: பின்னும் கையின் பழக்கம். சாதாரண நிட் கண்ணி துணியின் முன்பக்கம் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் விழும். இரண்டு கால்களும் அடியில் தொட்டு மேலே விரியும். சிலருடைய பின்னலில் அந்தக் கால்கள் அடியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். இதை முறுகிய கண்ணி என்பார்கள். காரணம் சின்னது. பர்ல் (நிட்டின் மறுபக்கம் போலத் தெரியும் இன்னொரு அடிப்படைக் கண்ணி) பின்னும்போது நூலை ஊசியைச் சுற்றி எதிர்த்திசையில் கொண்டுபோகிறார்கள். அதனால் கண்ணி ஊசியில் திரும்பி உட்காருகிறது. அடுத்த வரிசையில் வழக்கம்போல முன்காலில் ஊசியை நுழைத்தால் முறுகிவிடும். முன்னும் பின்னும் திருப்பித் தட்டையாகப் பின்னும்போது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இது தெரியும். ஆனால் அதே ஆள் வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னினால் பர்ல் வரிசையே வராது, முறுகலும் வராது. அதாவது ஒரே ஆளின் தொப்பி சுத்தமாக இருக்கும், சால்வை முறுகியிருக்கும். இரண்டையும் வேறு வேறு ஆள் பின்னியதாக நினைக்கும் போலீஸ்காரரும், ஒரே கை என்று சொல்லும் கடைக்காரியும் எதிரெதிரே நின்றால், யார் சொல்வது சரி என்று இனி உங்களுக்குத் தெரியும்.

இடதுகைக்காரர் என்ற தடயம் மட்டும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியது. இடதுகைப் பழக்கம் உள்ளவர்களில் பலர் மற்றவர்களைப் போலவே பின்னுகிறார்கள். நிட்டிங்குக்கு இரண்டு கையும் வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது போல இடமிருந்து வலமாக மாற்றிப் பின்னுகிறவரின் துணியில்தான் வேறுபாடு தெரியும். இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கும் இடத்தில், வழக்கமாக வலப்பக்கம் சாயும் குறைப்பு அவரிடம் இடப்பக்கம் சாயும். 'இடதுகைப் பின்னல்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கொலையாளியைப் பிடிக்கும் நாவலை நம்ப வேண்டாம். நூலை வலக்கையில் பிடித்து வீசிப் போடுவதும், இடக்கையில் பிடித்து ஊசியால் கொத்தி எடுப்பதும் வேறு விஷயம். முதலாவதை ஆங்கில முறை என்றும் இரண்டாவதை ஐரோப்பிய முறை என்றும் அழைப்பார்கள். இது ஒருவர் எந்த நாட்டில், யாரிடம் கற்றார் என்பதைக் காட்டலாம். உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் வாடை அடித்ததால் இரண்டாவது முறை ஆங்கிலம் பேசும் நாடுகளில் செல்வாக்கு இழந்தது. போர்க்காலப் பின்னணியில் எழுதும் ஆசிரியருக்கு இது பொன் மாதிரி.

மூன்றாவது நூல். ஒரே நிறம், ஒரே எண் என்றாலும் நூல் தொட்டி தொட்டியாகச் சாயம் போடப்படுவதால், ஒவ்வொரு தொகுதிக்கும் தனிச் சாய எண் உண்டு. அது கண்டின் லேபிளில் அச்சாகியிருக்கும். இரண்டு தொகுதியைக் கலந்து பின்னினால் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, பகல் வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும். ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் வேறு தொகுதி என்றால், அந்தக் கை பிறகு பின்னப்பட்டிருக்கிறது. ஏன் என்பது அடுத்த அத்தியாயம். கடைக்காரர்தான் இந்த நாவல்களில் துப்பறிபவராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: எந்தத் தொகுதி யாரிடம் போனது என்பது அவர் பதிவேட்டில் இருக்கிறது.

நூல் கம்பளிதானா என்று பார்க்க ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்கும் காட்சியும் அடிக்கடி வரும். கம்பளி மெதுவாக எரியும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம் எரிவது போல மணந்து மென்மையான சாம்பலாகும். ஆசிரியர் இவற்றை மாற்றிப் போட்டிருந்தால் அவருக்கு நூல் தெரியாது என்று அர்த்தம். நீங்களே செய்து பார்ப்பதானால் இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் செய்யுங்கள்.

நூல் பற்றி இன்னும் ஒன்று, இதை எழுதும்போதே சிலிர்க்கிறது. கம்பளியின் இரண்டு முனைகளை முடிச்சில்லாமல் இணைக்க, முனைகளைப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு, உள்ளங்கையில் வேகமாகத் தேய்ப்பார்கள். ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்து இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளியில் இது பிடிக்காது. எச்சில் என்றால் மரபணு! ஒரு சால்வையின் நடுவில், யார் கண்ணுக்கும் தெரியாத இணைப்பில், பின்னியவரின் அடையாளம் உட்கார்ந்திருக்கிறது. தடயவியல் இல்லாத கோஸி நாவலிலும் இதைக் கொண்டுவரலாம்.

கடைசி வகை, ரகசியச் செய்தி. 1859-ல் வெளிவந்த டிக்கன்ஸின் பிரெஞ்சுப் புரட்சி நாவலில் மேடம் டிஃபார்ஜ் சாக வேண்டியவர்களின் பெயர்களைப் பின்னலிலேயே பதிந்துவைப்பாள். இன்றைய நாவல்களில் வரும் ரகசியப் பின்னல்கள் எல்லாம் அவள் வாரிசுகள். நிஜத்திலும் ஊசிக்கும் உளவுக்கும் உறவு உண்டு. 1944 மே மாதம் பிரிட்டிஷ் உளவாளி ஃபிலிஸ் லட்டூர் நார்மண்டியில் பாராசூட்டில் இறங்கினார். தன் ரகசியக் குறியீடுகளைப் பட்டுத் துணியில் எழுதி, நிட்டிங் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் நாடாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். பயன்படுத்திய குறியீட்டில் குண்டூசியால் ஒரு துளை. இப்படி 135 செய்திகளை அனுப்பினார்.

பின்னலுக்குள்ளேயே செய்தி எழுதுவது கணக்குப்படி எளிது. நிட் ஒரு குறி, பர்ல் ஒரு குறி. ஐந்து கண்ணிக்கு ஒரு எழுத்து என்று வைத்தால் 32 சேர்க்கை கிடைக்கும். ஆங்கில எழுத்து 26-க்கும் போதும். 40 கண்ணி வரிசையில் 8 எழுத்து. ஆனால் நாவல்களில் தப்பு நடக்கும் இடமும் இதுதான். பின்னல் முன்பக்கத்தில் வலமிருந்து இடமாக ஓடுகிறது. பின்பக்கத்திலிருந்து பின்னும் வரிசையில் நிட் போட்டால் முன்னால் பர்லாகத் தெரியும். செய்தி எழுதியவரும் படிப்பவரும் எந்தப் பக்கம், எந்தத் திசை, கீழிருந்தா மேலிருந்தா என்று ஒத்துப்போகாவிட்டால் குப்பைதான் வரும். இந்தச் சிக்கலையே புதிராக்கும் ஆசிரியர் கெட்டிக்காரர். கதாநாயகி சால்வையைப் பார்த்த மாத்திரத்தில் புத்தகம் போலப் படித்துவிட்டால், அங்கே உழைப்பு இல்லை.

இப்படி உழைப்பில்லாத நாவலைக் கண்டுபிடிக்க வேறு சில அறிகுறிகளும் உண்டு. மாலையில் தொடங்கி மறுநாள் காலை பெரியவர் ஸ்வெட்டர் தயார் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். நடுத்தர தடிமனான நூலில் 100 செ.மீ. மார்பளவுக்கு 180 கண்ணி, 60 செ.மீ. நீளத்துக்கு 144 வரிசை, அதோடு இரண்டு கைகள் என்று கூட்டினால் ஏறத்தாழ 38,000 கண்ணி. நிமிடத்துக்கு 20 என்றால் 31 மணி நேரத்துக்கு மேல். இன்னொன்று, மோஹேர் என்ற ஆட்டுமயிர் நூலைச் சரசரவென்று பிரிப்பதாக எழுதுவது. மோஹேரின் மயிரிழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதைப் பிரிப்பது பொறுமையின் எல்லை. நுணுக்கமான லேஸ் பின்னிக்கொண்டே பாத்திரம் குறுக்கு விசாரணை செய்வதும் நடக்காது, எண்ணிக்கை தப்பும். துப்பறிபவர் கையில் கார்ட்டர் பின்னலோ வெறும் வட்டக் காலுறையோ இருக்க வேண்டும். சந்தேகத்துக்குரியவர் பேச்சின் நடுவே திடீரென்று எண்ணத் தொடங்கினாலோ, பின்னியதைப் பிரித்தாலோ, அது பதற்றத்தின் அடையாளமாக வைக்கப்பட்ட தடயமாகவும் இருக்கும். கவனியுங்கள்.

குரோஷாவும் நிட்டிங்கும் ஒன்று என்று எழுதுவது பெரிய தவறு. நிட்டிங்கில் இரண்டு ஊசி, வரிசை முழுக்கக் கண்ணிகள் உயிரோடு ஊசியில் நிற்கும். ஊசியை உருவினால் ஏணிப்படி மாதிரி கீழே கழன்றுகொண்டு போகும். குரோஷாவில் ஒரு கொக்கி, உயிரோடு நிற்பது பெரும்பாலும் ஒரே வளையம்.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? நிட்டிங் தெரியாதவர் நிட்டிங் தெரியாத கதாநாயகியோடு தொடங்குவது நல்லது. அவள் கற்கும்போது நீங்களும் கற்பீர்கள். மேகி செஃப்டனின் வரிசை 2005-ல் 'நிட் ஒன், கில் டூ' என்ற நாவலோடு தொடங்குகிறது. கெல்லி ஃபிளின் ஒரு கணக்காளர், அத்தையின் மரணத்துக்காகக் கொலராடோ வருகிறாள், பக்கத்து நூல் கடைக்குள் நுழைகிறாள், ஊசி பிடிக்கவே அங்கேதான் பழகுகிறாள். கணக்காளர் மூளை காசு போன வழியைப் பிடித்துக்கொள்வது இதில் அழகு. மோனிகா ஃபெரிஸின் 'க்ரூவெல் வேர்ல்ட்' 1999-ல் வந்தது. மின்னசோட்டாவின் எக்செல்சியர் ஊரில், சகோதரியின் கடையை எதிர்பாராமல் ஏற்கும் பெட்ஸி டெவன்ஷயர். இந்த வரிசையில் எம்பிராய்டரிதான் அதிகம், நிட்டிங் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

மனிதர்களுக்கு இடையிலான நட்புதான் உங்களுக்கு முக்கியம் என்றால் சாலி கோல்டன்பாமின் 'டெத் பை காஷ்மியர்' (2008). மாசசூசெட்ஸ் கடலோர ஊர். நான்கு பெண்கள், வயது வித்தியாசம் நிறைய. ஒருத்தி வக்கீல் வேலையை விட்டு நூல் கடை வைத்தவள், இன்னொருத்தி கடலில் லாப்ஸ்டர் பிடிப்பவள். மெதுவாக நகரும்; அந்த நிதானம்தான் அதன் குணம். துணி பற்றிய அறிவு வேண்டும் என்பவர்களுக்கு மோலி மக்ரேயின் 'லாஸ்ட் வுல் அண்ட் டெஸ்டமென்ட்' (2012): கதாநாயகி பழந்துணிப் பாதுகாப்பு வல்லுநர், டென்னசியில் பாட்டி விட்டுப்போன கடை, கூடவே ஒரு பேய். பேய் பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். குரோஷா பக்கம் போக விரும்பினால் பெட்டி ஹெக்ட்மனின் 'ஹூக்ட் ஆன் மர்டர்' (2008).

வாங்கும்போது ஒரு குழப்பம் வரலாம். 'டைட் இன் தி வுல்' என்ற பெயரில் இரண்டு புத்தகம் உண்டு. 1945-ல் நையோ மார்ஷ் எழுதியது நியூசிலாந்து ஆட்டுப் பண்ணையில், கம்பளிப் பொதிக்குள் சடலம் கிடைக்கும் கதை. சிறந்த நாவல், ஆனால் நிட்டிங் கடை கிடையாது. 2005-ல் மேரி க்ரூகர் எழுதியதுதான் நூல் கடைக் கதை.

எந்த வரிசையானாலும் முதல் புத்தகத்திலிருந்து வாசியுங்கள். கோஸி வரிசைகளில் காதல், நட்பு, கடையின் கடன் எல்லாம் புத்தகம் விட்டுப் புத்தகம் வளரும். ஐந்தாவது புத்தகத்தில், "போன வருஷம் இன்னார் செய்த கொலைக்குப் பிறகு" என்று போகிற போக்கில் பழைய கொலையாளியின் பெயரை உடைத்துவிடுவார்கள். ஒரே வரிசையில் மூன்றுக்கு மேல் தொடர்ந்து வாசிக்கவும் வேண்டாம். கட்டமைப்பு மனதில் பதிந்துவிட்டால் கொலையாளி யாரென்பது கதையிலிருந்து தெரியாது, பக்க எண்ணிலிருந்து தெரிந்துவிடும். நடுவில் வேறு ஒன்றை வாசித்துவிட்டு வாருங்கள்.

தலைப்புகள் எல்லாம் சிலேடை. 'நிட் ஒன், பர்ல் டூ' என்பது பேட்டர்ன் (எப்படிப் பின்னுவது என்ற குறிப்பு) படிக்கும் ராகம். அதில் பர்ல் போய் கில் வந்தது. க்ரூவெல் என்பது ஒரு கம்பளி எம்பிராய்டரி. கேட்க 'கொடூரம்' என்ற ஆங்கிலச் சொல் போல இருக்கும். பேச்சிலும் இப்படித்தான். பின்னியதைப் பிரிப்பதை 'தவளை' என்பார்கள். 'ரிப் இட், ரிப் இட்' என்று வேகமாகச் சொன்னால் தவளை கத்துவது போலக் கேட்கும் அல்லவா? 'யு.எஃப்.ஓ.' என்றால் பறக்கும் தட்டு இல்லை, பாதியில் கிடக்கும் பின்னல். 'ஸ்டாஷ்' என்றால் வாங்கிக் குவித்த நூல்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள்: ஒரே ஒரு சதுரம் பின்னிப் பாருங்கள். 5 மி.மீ. மூங்கில் ஊசி ஒரு ஜோடி (அலுமினியத்தில் கண்ணி வழுக்கும்), வெளிர் நிறத்தில் நடுத்தர தடிமன் கம்பளி 50 கிராம். கறுப்பு நூல் வேண்டாம். பிழை கண்ணுக்குத் தெரியாது. 20 கண்ணி ஏற்றி, 36 வரிசை கார்ட்டர். ஏறத்தாழ 10 செ.மீ. உயரம் வரும். தொடக்கக்காரர் துணி விரிந்துகொண்டே போவது வழக்கம். வரிசையின் முதல் கண்ணியில் நூலை ஊசிக்கு மேலே இழுத்துவிடுவதால் அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிபோல் தெரியும், இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவார்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 20 இருக்கிறதா என்று எண்ணினால் போதும். வேண்டுமென்றே நடுவில் ஒரு கண்ணியை நழுவவிட்டு, அது எப்படி ஏணியாக இறங்குகிறது என்று பாருங்கள். அதன் பிறகு நாவலில், "அவள் கை நடுங்கி ஒரு கண்ணி நழுவியது" என்று வாசிக்கும்போது வயிற்றில் ஒரு பகீர் வரும். அதுதான் வேண்டும்.

பழகிய பிறகு ஒலிநூல் கேட்டுக்கொண்டே பின்னலாம். 9 மணி நேர ஒலிநூலில் நிமிடத்துக்கு 20 என்றால் 10,800 கண்ணி. 40 கண்ணி கழுத்துத் துண்டில் 270 வரிசை, 75 செ.மீ. அளவு. ஆக, ஒன்றரை மீட்டர் துண்டுக்கு இரண்டு கொலை, 100 கிராம் கண்டு இரண்டு. சாட்சி விசாரணை வரும்போது பேட்டர்னில் புதிய பகுதியைத் தொடங்காதீர்கள், இரண்டும் கெடும். அத்தியாயம் முடியும் இடத்தில் வேறு நிற நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்து விட்டால், பிறகு பிழை வந்தாலும் அதுவரை பயமில்லாமல் பிரிக்கலாம்.

பல நாவல்களின் கடைசிப் பக்கங்களில் ஒரு பேட்டர்ன் இருக்கும். கதைக்கு முன்னால் அதைப் பார்க்கலாமா என்றால், பெரும்பாலும் பார்க்கலாம். ஆனால் பேட்டர்னின் தலைப்பிலேயே, பின்னிய பரிசு யாருக்குப் போகிறது என்று எழுதியிருக்கும் சில புத்தகங்களில் யார் உயிரோடு மிஞ்சுவார் என்பது தெரிந்துவிடும். பின்னும் முன் கேஜ், அதாவது கண்ணிகளின் நெருக்கம், பாருங்கள்: 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று புத்தகம் சொல்லி, உங்கள் கைக்கு 22 வந்தால், 200 கண்ணியில் 100 செ.மீ. வர வேண்டியது 91 செ.மீ.தான் வரும். ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள். மின்னூலில் வரைபடக் கட்டங்கள் சிதையும், வரிசை எண்கள் இடம் மாறும். அச்சுப் பிரதியோடு ஒப்பிடாமல் லேஸ் தொடங்க வேண்டாம். ஊசி எண்ணிலும் ஏமாறாதீர்கள். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் 8 என்பது 4 மி.மீ. குரோஷாவில் இன்னும் மோசம்: பிரிட்டிஷார் 'டபுள்' என்று சொல்வதை அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்கிறார்கள். புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்று முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மி.மீ. அளவை மட்டும் நம்பி ஊசியை எடுங்கள்.